மதுரை வண்டியில் 43 ரசீது: விண்வெளி விளையாட்டு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் வால்டாக்ஸ் ரோட்டில் பார்சல் புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். அப்பா காலத்து ஆபீஸ், அவருக்குப் பிறகு நான் பார்க்கிறேன். நீங்கள் பெருங்குடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கும் விண்வெளி வணிக விளையாட்டின் சோதனைப் பதிப்பை நாலு மாதமாக ஆடி வருகிறேன். உங்கள் குழுவில் இருக்கும் என் அண்ணன் மகன்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தான். ராத்திரி வண்டிகளை அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் ஆடாமல் வீட்டுக்குப் போவதில்லை.

போன வாரம் வந்த புதிய பதிப்பில் ஒரு விதி சேர்த்திருக்கிறீர்கள். ஒரு விண்கப்பல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டெலிவரி மிஷன்தான், அதாவது ஒருவருடைய சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு வேலையைத்தான், எடுக்கலாம். ஒரே ஊருக்குப் போகும் பத்துப் பதினைந்து மிஷனைச் சேர்த்து ஸ்டாக் பண்ணிக்கொண்டு போவது யதார்த்தமாக இல்லை என்று காரணமும் எழுதியிருந்தீர்கள்.

அண்ணன் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அத்தை, நிஜத்துல ஒரு லாரி ஒரு லோடுதானே அடிக்கும்?" என்றான். சின்ன வயதில் இதே ஆபீசில் ஜவுளி பண்டல் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பையன். அவனே இப்படிக் கேட்டது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. இதே விதி வேண்டும் என்று கேட்கும் ஆட்டக்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

இப்போது மணி மாலை ஏழேகால். வாசலில் மதுரை வண்டி நிற்கிறது. பத்துச் சக்கர வண்டி, முக்கால்வாசி ஏறிவிட்டது. மீதி வந்து சேரும்வரை எனக்கு நேரம் இருக்கிறது.

அந்த வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன். கோடவுன் தெருவிலிருந்து வந்த ஜவுளி பண்டல்கள், சாக்குத் துணியில் வைத்துத் தைத்து, மேலே நீல மையில் மதுரைக் கடையின் மார்க் போட்டவை. புதுப்பேட்டையிலிருந்து ஒரு பழைய கியர் பாக்ஸ். எண்ணெய் கசியாமல் இருக்கப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி மரச்சட்டத்துக்குள் அடித்திருக்கிறார்கள். ரிச்சி தெருவிலிருந்து கேமரா பெட்டிகள். ஒரு பல் டாக்டருக்குப் போகும் நாற்காலி. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் ஒரு பெண்ணின் ஸ்கூட்டர். பெட்ரோலை வடித்துவிட்டு, கண்ணாடிகளுக்குச் சணலும் வைக்கோலும் சுற்றி நிறுத்தியிருக்கிறோம். 43 ரசீது போட்டிருக்கிறேன். 43 பேர் அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவர்கள் சரக்கு எல்லாம் திருச்சி ரோட்டில் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுக்குப் பொது.

நீங்கள் ஸ்டாக் என்று சொல்வதை நாங்கள் பார்ட் லோடு என்கிறோம். வேறு வித்தியாசம் இல்லை.

ஃபுல் லோடு என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலை முழு வண்டியை வாடகைக்கு எடுக்கும், ஒரே பொருளை ஏற்றும், ஒரே இடத்தில் இறக்கும். அண்ணன் மகன் மனதில் இருக்கும் லாரி அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் முழு வண்டி பிடிக்க வசதி இருப்பவர்கள் எத்தனை பேர்? பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் இருக்கும் கடைக்காரர்களில் பெரும்பாலானவர்கள் மூன்று பண்டல், ஐந்து பெட்டி அனுப்புபவர்கள். அவர்களுக்குத் தனி வண்டி வேண்டுமென்றால் சரக்கின் விலையைவிட வாடகை அதிகமாகிவிடும். சேர்த்து ஏற்ற ஆள் இருப்பதால்தான் மேலூரில் ஒரு சின்னக் கடைக்காரர் சென்னை விலையில் சரக்கு வாங்க முடிகிறது.

சட்டமும் இதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1865இல் வந்த கேரியர்ஸ் சட்டம் பொதுச் சரக்கு ஏற்றுபவர் யார் என்று சொல்லும்போதே, ஆள் பார்த்துப் பிரிக்காமல் எல்லோர் சரக்கையும் கூலிக்கு ஏற்றுபவர் என்கிறது. அதற்குப் பதிலாக 2007இல் புதிய சட்டம் வந்தது. அதிலும் அந்தக் கருத்து அப்படியே இருக்கிறது. இன்றைக்கு, சரக்கு எடுத்துப்போக ஜிஎஸ்டியில் வாங்க வேண்டிய இ-வே பில் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அந்தச் சீட்டு வேண்டும். ஒரே வண்டியில் பலருடைய சரக்கு போகும் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அதனால் எல்லாச் சீட்டையும் ஒன்றாகத் திரட்டி ஒரே தாளில் எடுத்துப் போக இ.டபிள்யூ.பி-02 என்று தனிப் படிவமே வைத்திருக்கிறார்கள். நான் தினமும் ராத்திரி அதை அடித்து டிரைவர் கையில் கொடுக்கிறேன். உங்கள் விளையாட்டில் இப்போது தடைசெய்திருக்கும் காரியத்துக்கு இந்தியாவில் அரசாங்கப் படிவம் இருக்கிறது.

"லாரி வேறு, விண்வெளி வேறு" என்பீர்கள். சரி, விண்வெளிக்கே வருகிறேன். இந்த ஆபீசிலிருந்து வடக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. 2017 பிப்ரவரி 15 காலை 9.28க்கு அங்கிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி-37 ராக்கெட்டில் 104 செயற்கைக்கோள்கள் இருந்தன. 714 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-2 வரிசைக் கோள்தான் பெரிய சரக்கு. அதோடு நம்முடைய இரண்டு சின்னக் கோள்கள். மீதி 101 வெளிநாட்டுச் சரக்கு: அமெரிக்காவிலிருந்து 96, அப்புறம் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, இஸ்ரேல், கஜகஸ்தான், ஐக்கிய அரபு அமீரகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று. எல்லாம் சேர்த்து சுமார் 1,378 கிலோ.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் லோடு மேஸ்திரியிடம் சொன்னேன். "நம்ம வேலைதாம்மா, ரோடுதான் வேற" என்றார். முழுக்க உண்மை. பெரிய சரக்குக்காரர் எந்தப் பாதையில் போகிறாரோ அதே பாதையில்தான் மற்றவர்கள் போக முடியும். இறக்கும்போது முதலில் கார்ட்டோசாட், பிறகு நம் இரண்டு சின்னக் கோள்கள், அதற்குப் பிறகு மற்றவை, ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விட்டு. வண்டியில் மீதமிருந்த இடத்தை விற்றிருக்கிறார்கள். 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே ராக்கெட்டில் 143 கோள்களை ஏற்றிக்கொண்டு போனது. மனிதர்கள் விண்வெளிக்குச் சரக்கு அனுப்பும் உண்மையான முறைகளில் ஒன்று இன்று இப்படித்தான் இருக்கிறது. யதார்த்தம் என்ற பெயரில் இதைத் தடுக்காதீர்கள்.

அண்ணன் மகன் இன்னொரு உதாரணமும் சொன்னான். 2012இல் வந்த யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் ஒரு வேலைக்கு ஒரு டிரெய்லர்தானே என்றான். நல்ல விளையாட்டு, நானும் பார்த்திருக்கிறேன். அதில் ஆடுபவர் பெரும்பாலும் டிரைவர். யாரோ ஏற்றிப் பூட்டிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் விடுகிறார். உங்கள் விளையாட்டில் ஆடுபவர் டிரைவர் மட்டுமில்லை. கப்பல் அவருடையது, ஸ்டேஷனில் மிஷன்களைப் பட்டியல் போட்டிருக்கும் பலகையைப் பார்த்துச் சரக்கு பிடிப்பதும் அவர்தான். அதாவது ஓட்டுநர், வண்டி முதலாளி, புக்கிங் ஏஜென்ட் மூன்றும் ஒரே ஆள். நீங்கள் போட்ட விதி அந்த மூன்றாவது ஆளை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. எனக்கு உங்கள் விளையாட்டில் பிடித்ததே அந்த மூன்றாவது ஆளாக இருப்பதுதான்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே நிஜமாகவே ஒரு பிரச்சினை இருக்கிறது. பழைய பதிப்பில் பதினைந்து மிஷன் ஏற்றி, நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் இரண்டே தாவு தாவிப் போய் இறக்கினால் மூன்று ராத்திரியில் பெரிய கப்பல் வாங்கிவிடலாம். நானும் வாங்கினேன். வாங்கிய பிறகு அந்த உலகத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் இதற்குக் காரணம் பதினைந்தையும் சேர்த்து ஏற்றியது இல்லை. கூலி போட்ட விதம்தான்.

கணக்காகவே பார்ப்போம். மதுரைக்கு ஒரு முழு வண்டி 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 டன் ஏற்றினால் கிலோவுக்கு ஒரு ரூபாய் 67 காசு சுமாராக விழுகிறது. பார்ட் லோடில் அதே கிலோவுக்கு மூன்று ரூபாய் வாங்குகிறேன் என்று வைப்போம். வண்டி முழுக்க நிறைந்தால் 54,000. அதிகப்படியாக வரும் 24,000 சும்மா வருவதில்லை. 43 ரசீது எழுத ஆள், பிரித்து அடுக்க ஆள், மதுரையில் இறக்கி வீடு வீடாகக் கொண்டு போக ஆட்டோ, உடைந்தால் நஷ்டஈடு, நிறையாத ராத்திரிகளில் காலி இடத்தின் நஷ்டம் எல்லாம் அதற்குள்தான். அப்போதும் பார்ட் லோடு முழு லோடைவிட இரண்டு மடங்குகூட இல்லை.

உங்கள் பலகையில் என்ன நடந்தது? ஐந்து டன் கொண்டுபோகிற மிஷனும் தன் ஒரு சரக்குக்காகவே முழுக் கப்பலும் கிளம்புகிற மாதிரி கூலி கொடுத்தது. பதினைந்து பேரும் தனித்தனியாக முழு வாடகை கொடுத்தார்கள். என் கணக்கில் சொன்னால் 54,000 வர வேண்டிய இடத்தில் நாலரை லட்சம். எந்த அனுப்புநரும் தன் மூன்று பண்டலுக்கு முழு வண்டி வாடகை கொடுக்க மாட்டார். இதை மாற்றுங்கள். டன்னுக்கு இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, அதற்குக் கீழே போகாத ஒரு குறைந்தபட்சக் கூலி. அவசரம் என்றால் கூடுதல், ஆனால் அவசரமானது நிஜமாகவே அவசரமாக இருக்க வேண்டும். கூலி சரியானால் ஸ்டாக் பண்ணுவது நல்ல பிழைப்பாக இருக்கும், கொள்ளையாக இருக்காது.

இதே குழப்பத்தை மற்ற விளையாட்டுகளும் சந்தித்திருக்கின்றன. 1984இல் எலைட் என்ற விண்வெளி வணிக விளையாட்டின் முதல் பதிப்பு வந்தபோது கோப்ரா மார்க் 3 கப்பலில் 20 டன் இடம். அதில் முக்கியமாக நடந்தது சொந்த வியாபாரம், தன் காசில் வாங்கித் தானே விற்பது. அதனால் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. 2014 டிசம்பரில் வந்த எலைட் டேஞ்சரஸில் நம் பால்வெளியின் நாற்பதாயிரம் கோடி நட்சத்திர மண்டலங்களையும் அளவு குறைக்காமல் வைத்தார்கள். அதில் ஒரே நேரத்தில் 20 மிஷன் வரை கையில் வைத்துக்கொள்ளலாம். ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், தனியாக ஆடுவது, எல்லோரோடும் சேர்ந்து ஆடுவது என்று அதில் இருக்கும் ஆட்ட முறைகளில் ஒன்றிலிருந்து வெளியே வந்து இன்னொன்றில் நுழைந்தார்கள். உடனே பலகையில் புதுச் சரக்கு முளைத்தது. தங்களுக்கு வேண்டிய ஊரின் சரக்கு இருபதும் கிடைக்கும்வரை இப்படியே போய் வந்தார்கள். பின்னால் எல்லா முறையிலும் ஒரே பலகை என்று செய்து அந்த வழியை அடைத்தார்கள். நான் ஆபீஸ் ஷட்டரை இறக்கி ஏற்றினால் புதிதாக நாலு பண்டல் வாசலில் நிற்காது. உங்கள் பலகையிலும் அந்த ஓட்டை இருக்கிறது. தடை போட வேண்டிய இடம் அது.

ஸ்டாக் என்ற ஒரே வார்த்தையை இரண்டு வேறு காரியத்துக்குச் சொல்வதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எலைட் டேஞ்சரஸில் கொள்ளையர்களை அழிக்கும் மிஷனை வெவ்வேறு குழுக்களிடம் வாங்கினால், ஒரு கொள்ளையனைச் சுட்டதும் அத்தனை குழுக்களின் கணக்கிலும் அது ஏறும். ஒரு வேலைக்கு ஐந்து பேரிடம் கூலி. அது யதார்த்தமா என்று நீங்கள் கேட்டால் நியாயம், அதைப் பற்றி நான் வாதாட மாட்டேன். டெலிவரி அப்படி இல்லை. கோடவுன் தெருப் பண்டல் அடைத்த இடத்தில் கியர் பாக்ஸை வைக்க முடியாது. ஒவ்வொரு டன்னும் தனக்கென்று இடம் எடுத்துக்கொள்கிறது, ஒரே ஒரு தடவைதான் கூலி வாங்குகிறது. கப்பலின் கொள்ளளவே இதற்கு இயற்கையான வரம்பு. மேலே இன்னொரு வரம்பு எதற்கு?

மணி எட்டு. இன்னும் இரண்டு டன் அளவுக்கு இடம் இருக்கிறது. ஆண்டர்சன் தெரு அச்சகக்காரர் போன் செய்தார். கல்யாணப் பத்திரிகை நாலு பெட்டி மேலூருக்குப் போகணும், கட்டிங் நடக்கிறது, முக்கால் மணியில் வந்துவிடும் என்கிறார். இங்கேதான் உங்களிடம் மிக முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயம் வருகிறது.

பார்ட் லோடு தொழிலில் ஏற்றுவது, ஓட்டுவது எல்லாம் அப்புறம். எப்போது கிளம்புவது என்பதுதான் தொழில். இப்போதே அனுப்பினால் இரண்டு டன் காலி, அந்தக் காலி இடத்துக்கும் டீசல் நான்தான் போட வேண்டும். காத்திருந்தால் வண்டி நிறையும். ஆனால் மதுரை 460 கிலோமீட்டர். ஒன்பது மணிக்குள் கிளம்பினால் காலையில் லோக்கல் டெலிவரி ஆட்டோக்கள் புறப்படும் முன் போய்ச் சேரலாம். பதினொன்றுக்குக் கிளம்பினால் ஏற்கெனவே ஏறிய 43 பேரின் சரக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். 44ஆவது ஆளுக்காக 43 பேரைக் காக்க வைப்பதா? அந்த 44ஆவது ஆள் பத்து வருட வாடிக்கையாளர் என்றால்? போன வாரம் இதே போல் காத்திருந்து அவர் வராமல் போயிருந்தால்? நாளைக்கு அமாவாசை, சரக்கு குறைவாகத்தான் வரும் என்று தெரிந்தால்?

அப்பா இந்த முடிவை எடுக்கும்போது வாசல்படியில் நின்று தெருவின் வடக்குப் பக்கம் பார்ப்பார். மீன்பாடி வண்டியோ குட்டியானையோ திரும்பும் விளக்கு தெரிகிறதா என்று. தெரிந்தால் "இருடா" என்பார், தெரியாவிட்டால் "கயிறு போடு" என்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில்தான் எங்கள் குடும்பம் சாப்பிட்டது. நானும் அதே படியில்தான் நிற்கிறேன்.

இதை உங்கள் விளையாட்டு கொஞ்சம் தொட்டது. அதனால்தான் எனக்கு அவ்வளவு பிடித்தது. ஸ்டேஷனில் நின்று பலகையைப் பார்த்து, இருக்கும் எட்டு மிஷனோடு கிளம்பலாமா, ஒன்பதாவது வருமா என்று யோசித்த ராத்திரிகள் உண்டு. நேரக்கெடு மட்டும் தாராளமாக இருந்ததால் அந்த யோசனைக்கு வலு இல்லாமல் போனது. கெடுவை இறுக்குங்கள். சரக்கை மெதுவாக வர விடுங்கள், ஒரு மிஷன் இப்போது, இன்னொன்று அரை மணி கழித்து. சில ஊர்களுக்குச் சரக்கு நிறையவும் சிலவற்றுக்கு எப்போதாவதும் வரட்டும். திரும்பி வரும்போது ரிட்டர்ன் லோடு கிடைக்குமா என்ற கவலையும் இருக்கட்டும். ஆடுபவர் அந்தப் படியில் நிற்க வேண்டும். ஒரு பயணத்துக்கு ஒரு சரக்கு என்று வைத்துவிட்டால் நிற்க எதுவுமே இல்லை. பலகையைத் தொட்டதும் கிளம்ப வேண்டியதுதான்.

அடுக்கும் வரிசை பற்றியும் சொல்ல வேண்டும், இதற்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். மதுரை வண்டி விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி, மேலூர் எல்லாம் தாண்டிப் போகிறது. அதனால் மதுரைச் சரக்கு முதலில் ஏறி டிரைவர் கேபின் பக்கம் போக வேண்டும். விழுப்புரம் கடைசியில் ஏறிக் கதவுப் பக்கம் நிற்க வேண்டும். கடைசியாக ஏறுவது முதலில் இறங்கும். ஆனால் சரக்கு அந்த வரிசையில் வந்து சேராது. அதனால்தான் ஏற்றும் முன் நடைபாதை முழுக்க ஊர் ஊராகப் பிரித்துப் பரப்புகிறோம்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மாதம். மேஸ்திரி ஊருக்குப் போயிருந்தார், புதுப் பையன்கள் ஏற்றினார்கள், நான் பில் போடுவதிலேயே இருந்துவிட்டேன். பெரம்பலூருக்குப் போக வேண்டிய மருந்து தெளிப்பான் பெட்டி பதினொன்று சாயங்காலமே வந்திருந்தது. முதலில் வந்தது என்பதால் முதலில் ஏற்றிவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு டிரைவர் பெரம்பலூரிலிருந்து போன் செய்தார். கதவைத் திறந்தால் பெட்டி கண்ணிலேயே படவில்லை. அதை எடுக்க ஆறு டன் சரக்கை ரோட்டோரம் இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டே ஆள். மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு வெளியே நின்ற ஒரு ஜவுளி பண்டல் நனைந்து, சிவப்புச் சாயம் வெள்ளை வேட்டியில் இறங்கிவிட்டது. அந்த பண்டலின் முழு விலையும் நான் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் இன்னும் என்னிடம்தான் அனுப்புகிறார். ஆனால் ஒவ்வொரு தடவையும் "எங்கே ஏத்தியிருக்கீங்க?" என்று கேட்காமல் போவதில்லை.

உங்கள் கப்பலின் சரக்கு அறை இப்போது மந்திரப் பை மாதிரி இருக்கிறது. எதை வேண்டுமானாலும் எந்த இடத்திலும் நொடியில் எடுக்கலாம். யதார்த்தம் வேண்டும் என்று நீங்கள் நினைப்பது உண்மையென்றால், இதைச் செய்யுங்கள். சரக்கு எந்த வரிசையில் ஏறியதோ அதற்கு நேர் எதிர் வரிசையில்தான் இறங்கும் என்று வையுங்கள். வரிசை மாறினால் இறக்க நேரம் ஆகும், ஸ்டேஷன் கூலி கூடும், மற்ற சரக்கின் கெடு ஓடிக்கொண்டிருக்கும். பதினைந்து மிஷன் எடுப்பவர் பதினைந்தையும் எந்த வழியில் போய் இறக்குவது என்று கிளம்பும் முன்பே யோசித்து அடுக்க வேண்டும். யோசிக்காதவர் பெரம்பலூரில் மழையில் நிற்பார். அப்போது ஸ்டாக் பண்ணுவது சும்மா பட்டனை அழுத்துகிற வேலையாக இருக்காது, கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலையாக மாறும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரக்கை எடையால் மட்டும் அளக்காதீர்கள். பஞ்சு மெத்தை ஏற்றினால் எடை ஏறும் முன்பே இடம் நிறைந்துவிடும். நிஜமான கடல் கப்பலில் கொள்கலனுக்குள் பலர் சரக்கைச் சேர்த்து அனுப்பும்போது, கன மீட்டரா டன்னா, எது அதிகமோ அதற்குத்தான் கூலி. ஐஸ்லாந்தில் செய்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டு 2003இலிருந்தே சரக்கைக் கன மீட்டரில்தான் அளக்கிறது. அதிலேயே இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. சரக்கை ஒப்படைப்பவர் கூலியோடு பிணைத்தொகையும் குறிக்கலாம். ஏற்றுபவர் அதைக் கட்டிவிட்டுத்தான் சரக்கை எடுக்க முடியும், தொலைத்தால் பணம் போச்சு. ஒரே நேரத்தில் பத்துப் பேர் சரக்கை ஏற்றுபவர் பத்துப் பேருக்கும் பிணை கட்ட வேண்டும். யாரும் தடை போடாமலே அவரவர் கைப்பணம் அளவுக்குத்தான் ஸ்டாக் பண்ண முடியும். சேர்ந்து போகக் கூடாத சரக்கும் இருக்கட்டும். மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் நான் டீத்தூள் வைக்க மாட்டேன், பட்டாசை எந்த வண்டியிலும் மற்ற சரக்கோடு ஏற்ற மாட்டேன்.

நான் கேட்பது இதுதான்: அடுத்த பதிப்பில் அந்த ஒரு சரக்கு விதியை எடுத்துவிடுங்கள். கூலியை டன்னுக்கும் தூரத்துக்கும் மாற்றுங்கள். பலகையைத் திறந்து மூடினால் சரக்கு முளைப்பதை நிறுத்துங்கள். அடுக்கும் வரிசையை முடிந்தபோது சேருங்கள், அது பெரிய வேலை என்று எனக்குத் தெரியும். அதற்கு என்ன தகவல் வேண்டுமானாலும் நான் தருகிறேன். ஒரு ராத்திரி எல்லோரும் கிளம்பி இங்கே வாருங்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். ஆறு மணிக்கு வந்தால் நடைபாதையில் ஊர் பிரிப்பதைப் பார்க்கலாம், எட்டரைக்கு மேல் வந்தால் கயிறு கட்டுவதை மட்டும்தான் பார்க்க முடியும்.

மணி எட்டு நாற்பது. அச்சகக்காரரின் பையன் இன்னும் வரவில்லை. வடக்கே ஒரு குட்டியானையின் விளக்கு தெரிந்தது, ஆனால் அது பக்கத்து ஆபீசுக்குத் திரும்பிவிட்டது. பத்திரிகை நாலு பெட்டியையும் நாளை வண்டியில் கட்டாயம் ஏற்றுகிறேன் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம். மேஸ்திரி கயிறை எடுத்துவிட்டார். நான் போய் இ-வே பில் தாளை டிரைவரிடம் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒருவனுக்கு அத்தை,
வால்டாக்ஸ் ரோடு, சென்னை